ஒரே மருந்து, இரண்டு வேலை

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிள் தோட்டங்களில் பூச்சிக்கும் பிஞ்சு உதிர்ப்புக்கும் ஒன்றாகப் பயன்படும் மருந்து கார்பரில். ஐரோப்பிய ஒன்றியம் 2007-லும் இந்தியா 2018-லும் இதற்குத் தடை போட்டுவிட்டன. அனுமதி உள்ள இடங்களில் மட்டுமே நான் சொல்வது பொருந்தும்.

பிஞ்சை ஏன் உதிர்க்க வேண்டும்? ஒரு கொத்தில் ஐந்து பிஞ்சு நின்றால் ஐந்தும் சிறுத்துப்போகும். விதையில் சுரக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் அடுத்த ஆண்டுப் பூமொட்டையும் தடுத்துவிடும்.

பிஞ்சு 8 முதல் 12 மில்லிமீட்டர் பருமனில் இருக்கும்போது அடியுங்கள். வெயில் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்றால் நல்லது. குளிரில் அடித்தால் மருந்து வீண். அடித்தபின் இரண்டு மூன்று நாள் மேகம் மூடி, இரவும் வெப்பமாக இருந்தால் பிஞ்சு நினைத்ததைவிட அதிகமாகக் கொட்டும். அளவைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. பிஞ்சு முழுவதும் நனைவதுதான் முக்கியம். இலையில் விழுந்த மருந்து பிஞ்சுக்குப் போய்ச் சேராது.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: புழுவுக்கென்று பூ முடிந்த 30 நாளுக்குள் இதை அடிப்பார்கள், வேண்டிய பிஞ்சும் போய்விடும். காய்ப்பு குறைவான ஆண்டில் அந்த நாட்களில் புழுவுக்கு வேறு மருந்தைத் தேடுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9 உள்ள நீரில் சில மணி நேரத்திலேயே மருந்தில் பாதி சிதைந்துவிடும். 7-க்குக் கீழே கொண்டுவந்து, தூளை முதலில் கொஞ்சம் நீரில் குழைத்து டேங்கில் ஊற்றுங்கள். கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

தேனீக்கு இது கொடிய நஞ்சு. இதழ் முழுவதும் உதிர்ந்து, தேனீப்பெட்டிகள் வெளியேறிய பிறகே தெளிப்பானை எடுங்கள். மரத்தடியில் பூத்த களையையும் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்னும் நன்மைப் பேன்களும் சாவதால், திரும்பத் திரும்ப அடித்த தோட்டத்தில் சிலந்திப்பேன் பெருகி, கோடையில் இலை வெண்கல நிறமாகும்.

பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மறுபடி அடிக்க வேண்டாம். சில கொத்துகளில் நூல் கட்டி, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பருமன் அளக்கும் காலிப்பரால் பிஞ்சை அளந்து பாருங்கள். வேகமாகப் பருக்கும் பிஞ்சின் வளர்ச்சியில் பாதிகூட இல்லாத பிஞ்சு உதிரப்போகிறது. அதன் காம்பு மஞ்சளாகி, விரல் பட்டாலே கழன்றுவிடும்.