மாற்றல் உத்தரவு தொடாத வேலை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வன்முறையைத் தடுக்கப் பெரிதும் கைகொடுப்பது காக்கிச் சட்டையா, தொண்டு அமைப்பா? தொண்டு அமைப்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்குச் சாட்சியாக ஒரு போலீஸ் அதிகாரியையே அழைக்கிறேன்.

கிரண் பேடி. 1972-இல் ஐ.பி.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண். புதுச்சேரியில் அவர் துணைநிலை ஆளுநராக இருந்த காலத்தைப் பற்றி நமக்குள் பல கருத்து இருக்கும். அந்த விவாதம் இங்கே வேண்டாம்.

டெல்லி வடக்கு மாவட்டத்தில் துணை ஆணையராக இருந்தபோது, போதைக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவை அவர் நேரில் பார்த்தார். பிடித்தால் லாக்கப், விட்டால் மறுபடி அதே தெரு. லத்தியால் போதை தெளியுமா? சக காவலர்களோடு சேர்ந்து 1988-இல், போதையிலிருந்து மீட்கும் 'நவஜோதி' தொண்டு அமைப்பைத் தொடங்கினார்.

அப்புறம் 1993-இல் டெல்லி திகார் சிறையின் பொறுப்பு அவருக்கு வந்தது. கைதிகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். நடமாடும் மனுப் பெட்டி ஒன்று வார்டு வார்டாகப் போகும். அதுவரை அடிதடியிலும் பட்டினியிலும் சொன்ன குறையைக் கைதி சீட்டில் எழுதிப் போட்டான்.

"காக்கிச் சட்டை இருந்ததால்தானே சிறைக்கதவு திறந்தது?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டே ஆண்டில், 1995-இல், மாற்றல் வந்தது. நாற்காலி போனால் அதிகாரமும் போயிற்று. மகசேசே விருது பெற்ற 1994-இல் அவர் தொடங்கிய இந்தியா விஷன் அறக்கட்டளையை எந்த மாற்றல் உத்தரவு தொட முடிந்தது?

அந்த அறக்கட்டளை யாருக்காக? சிறையில் தாயோடு இருக்கும் பிள்ளைக்கு ஆறு வயதானால் வெளியே அனுப்ப வேண்டும். நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு துணிப்பையோடு சிறைவாசலில் ஒரு பிள்ளை. அம்மா உள்ளே, வெளியே வா என்று கூப்பிட ஆள் இல்லை. நாளைக்கு அது எந்தக் கூட்டத்தின் கையில் சிக்கும்? அறக்கட்டளை அப்படிப்பட்ட பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கிறது. வன்முறையை இவ்வளவு முன்கூட்டித் தடுக்கும் வேலை வேறு எது?

2007-இல் விருப்ப ஓய்வு பெற்றுக் காக்கியைக் கழற்றினார். அறக்கட்டளை தொடர்ந்து நடக்கிறது. வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளைக்குக் காக்கியிடம் என்ன சட்டப் பிரிவு இருக்கிறது? எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் சொல்லட்டும். நன்றி.