கடைசிப் பீரியட் தலைவலி

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரி மாவட்டத்துக் கிராமத்துப் பள்ளிகளில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெண் பிள்ளைகளின் படிப்புக்கு எதெது தடையாக இருக்கிறது என்று ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கணக்கு டீச்சரிடம் ஐந்து நிமிஷம் என்றால் நம்பாதீர்கள், பெல் அடித்த பிறகும் பாடம் எடுத்தே பழக்கம்.

முதலில் ஒன்று. பெண் பிள்ளைகள் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் நூற்றுக்கு 96.44 பேர் தேறினார்கள், மாணவர்கள் 92.37. வருஷா வருஷம் இதே கதைதான். ஆனால் இது பரீட்சை ஹாலில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் கணக்கு. அதோடு பாஸ் வேறு, மார்க் வேறு. தொண்ணூறு எடுக்க வேண்டிய பிள்ளை அறுபதோடு நிற்பது எந்தச் சதவீதத்திலும் தெரியாது.

ஏன் நிற்கிறாள்? எனக்கு இது ஒரு தண்ணீர் பாட்டிலில்தான் புரிந்தது.

ஒரு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கடைசிப் பீரியட் என்னுடையது. மூன்றரை மணிக்கு உள்ளே போனால் பெண்கள் பக்கம் பாதிப் பேர் டெஸ்கில் தலை கவிழ்த்திருப்பார்கள். கேட்டால், "தலைவலி மிஸ்." கணக்கைப் பார்த்து வருகிற தலைவலி என்றே நினைத்தேன். ஒருநாள் நோட்டு திருத்திக்கொண்டு நடக்கையில் பெஞ்சின் கீழே இருந்த பாட்டில் காலில் இடித்தது. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில், கழுத்து வரை தண்ணீர். பக்கத்து பாட்டிலைத் தூக்கினேன், அதுவும் அப்படியே. ஐந்து பேர் பெஞ்சு, ஐந்து பாட்டிலும் காலையில் வீட்டில் பிடித்த தண்ணீரோடு அப்படியே இருந்தன. ஏன் குடிக்கவில்லை என்றதற்கு ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஓரத்துப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா போவணும் மிஸ்."

கழிவறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் போட்ட கழிவறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே மாட்டிய பூட்டின் சாவி ஆபீஸ் ரூமில், கேட்க வேண்டியது ஆண்களிடம். ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்புகிற பிள்ளை, பத்தரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலை வலிக்காதா? இதை ரேடியோவில் பேசுவதா என்று சத்தத்தைக் குறைக்கப் போகிற அப்பாக்களே, குறைக்காதீர்கள். சாயங்காலம் மகள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாருங்கள்.

மாதவிலக்கு நாட்களில் வரவே மாட்டார்கள். மாதம் இரண்டு நாள் என்று வையுங்கள், பத்து மாதத்தில் இருபது நாள். ஏறக்குறைய ஒரு மாதப் பாடம் போயிற்று. சமூக அறிவியலைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். முக்கோணவியலில் சைன், காஸ் என்ன என்று சொல்லிக் கொடுத்த அன்றைக்கு வராதவளுக்கு அடுத்த மூன்று வாரமும் இருட்டுதான்.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒரு தாழ்ப்பாள், ஒரு மூடி போட்ட வாளி, சாவியை வகுப்பில் பெண்கள் பக்கத்து ஜன்னலில் மாட்ட ஓர் ஆணி. மார்க் ஏறியதா என்றால், அளந்து வைக்கவில்லை. கவிழ்ந்த தலைகள் குறைந்தன. 2019-இல் கேரளத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே 'வாட்டர் பெல்' அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் அந்த மணியை எத்தனை முறை அடித்து என்ன? திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தெரியும். சொல்லத்தான் வந்தேன்.

அப்புறம் பஸ். சிறப்பு வகுப்பு ஐந்தரை வரை, டவுன் பஸ் ஐந்தே காலுக்கு. அதை விட்டால் ஏழு மணி. பையன்கள் யார் பைக்கிலாவது தொற்றிக்கொள்வார்கள். பெண்களோ ஐந்து மணிக்கே பையைக் கட்டிவிட்டு ஹாரனுக்குக் காது கொடுத்திருப்பார்கள், போர்டில் கணக்கு பாதியில் நிற்கும். 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்லது. நேரத்தையும் யாராவது பள்ளிக்கூடத்தைக் கேட்டு வைக்கலாம். காலையில் வகுப்பு வைக்கலாமே என்பீர்கள். காலையில் அவள்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், தம்பியைக் கிளப்ப வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிஷம்தான் என்று விரல் காட்டுகிறார்கள். பிளஸ் ஒன்னில் பெண்ணுக்குக் கணக்கு குரூப் எதற்கு என்று கேட்கிறவர்களுக்காக ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. கல்யாணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது முடிந்த லீவில் பெண் பார்க்க வருவார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைப்பது அவள் கல்லூரி வாசலை மிதித்தால்தான். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் செய்வது குற்றம். எங்கேயாவது பத்திரிகை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் 1098-க்கு ஒரு போன் போடுங்கள், காசு ஆகாது. பத்து ஒன்பது எட்டு. வணக்கம்.