ஓக் மரத்தடியில் ஒரு கொரியக் களி

நேயர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் பிறந்தால் அமெரிக்க ஊர்களில் ஓக் மரத்தடி எங்கும் கொட்டை உதிர்ந்து கிடக்கும். வீட்டுக்காரர்கள் கூட்டித் தள்ளுவார்கள். அங்கே குடியேறிய கொரியப் பாட்டிமார் பையோடு குனிந்து பொறுக்குவார்கள். அவர்கள் மொழியில் ஓக் மரம் 'சம்நமு', அதாவது மெய்யான மரம்; கொட்டை 'தோத்தோரி'. பஞ்சத்தில் உயிர்காத்த அந்தக் கொட்டையில் செய்யும் பழுப்புக் களிதான் தோத்தோரி முக்.

ஓட்டில் குண்டூசித் துளை இருந்தால் எறிந்துவிடுங்கள். உள்ளே தின்ற புழு வெளியேறிய வழி அது. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழியுங்கள். இலையையும் கவனியுங்கள். விளிம்பு வளைந்து உருண்டிருந்தால் வெள்ளை ஓக், துவர்ப்பு குறைவு. நுனி முள்போல் கூர்ந்திருந்தால் சிவப்பு ஓக், கூடுதலாக ஊறவேண்டும்.

சில நாள் காயவைத்து, ஓடு நீக்கி, பருப்பைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் வடிகட்டவேண்டும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுக்கிற அதே வேலை. இரவு முழுக்க அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேலே காப்பி நிறத்தில் நிற்பது துவர்ப்பு. அதை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நாக்கில் துவர்ப்பு தட்டாமல் போகும்வரை, நாள்கணக்கில் இப்படியே. பொறுமையிழந்து வெந்நீர் ஊற்றினால் போச்சு: மாவு பாதி வெந்து பசையாகும், படியவே படியாது. கலிபோர்னியாவின் பூர்வகுடிகளும் இதே கொட்டையைத் துவர்ப்பு நீக்கிக் கஞ்சி காய்ச்சியவர்கள்தான்.

மாவைக் காயவைத்து எடுத்துவைக்கலாம். 1 கப் மாவுக்கு 6 கப் தண்ணீர், கொஞ்சம் உப்பு. கட்டியில்லாமல் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்து, அடுப்பிலேற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். இறுகியதும் இறக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு, உறைந்தபின் வெட்டும் வில்லை உடைந்துபோகும். பொத்பொத்தென்று குமிழி வெடிக்கையில் தீயைக் குறைத்து, இன்னும் 10 நிமிடம் கிளறி, எள்ளெண்ணெய் ஒரு கரண்டி விட்டுத் தட்டில் ஊற்றுங்கள். நாலைந்து மணி நேரம் வெளியிலேயே உறையட்டும். குளிர்பெட்டியில் வைத்தால் வெளுத்து விறைக்கும். விறைத்ததைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டால் பழைய துவளல் திரும்பும்.

ஒன்று சொல்லவேண்டும்: கொரியத் தேசியப் பூங்காக்களில் கொட்டை பொறுக்கத் தடை, காட்டு விலங்குகளின் தீனி என்பதால். வெளிநாட்டிலும் பூங்கா விதியைக் கேட்டுக்கொண்டு பொறுக்குவதே நல்லது.

சோயா சாறு, வெங்காயத்தாள், மிளகாய்த்தூள் கலந்து மேலே ஊற்றிச் சாப்பிடுவார்கள். கொரியர்கள் சாப்பிடும் எஃகுக் குச்சியால் வில்லையை அழுத்திப் பிடித்தால் துண்டாகிவிடும். அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.