துருவ இருளில் ஒரு பரப்பு

நேயர்களுக்கு வணக்கம். இராயபுரத்தில் கடற்காற்று படும் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிகள், எத்தனை முறை வண்ணம் பூசினாலும் துருப்பிடித்துவிடும். கம்பியின் மேல் உப்பும் ஈரமும் படிவதால்தான் துரு அவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது. துருவ வானத்தின் வேதியியலைக் கணினியில் வகுக்க முனைந்தவர்கள் முதலில் தவறவிட்டதும் இத்தகைய ஒரு பரப்பைத்தான்.

அண்டார்க்டிகாவில் உள்ள பிரித்தானிய ஆய்வு நிலையமான ஹாலியின் அளவீடுகளைக் கொண்டு, வசந்த காலத்தில் அங்கே ஓசோன் பெருமளவு குறைந்துவருவதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1985இல் அறிவித்தார்கள். வாயுக்கள் தமக்குள் புரியும் வினைகளை மட்டுமே கொண்டிருந்த அந்நாளைய கணினி மாதிரிகள், மனிதர் வெளியேற்றிய வாயுக்களிலிருந்து வரும் குளோரினால் நேரும் ஓசோன் இழப்பு சுமார் 40 கிலோமீட்டர் உயரத்தில்தான் மிகுந்திருக்கும் என்று கூறிவந்தன; ஓசோன் மறைந்ததோ அதற்கு வெகு கீழே, 20 கிலோமீட்டரை ஒட்டிய அடுக்குகளில்.

சூரியன் உதிக்காத நெடுங்குளிரில், துருவத்தைச் சுற்றிச் சுழலும் பெருங்காற்று உள்ளிருக்கும் காற்றை வெளிக்காற்றோடு கலக்கவிடுவதில்லை. வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது, நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்த நுண்துகள்கள், ஓசோன் நிறைந்த மேல் வளியடுக்கான அடுக்கு மண்டலத்தில் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) முகில்களாகின்றன. ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்னும் இரண்டு சேர்மங்களில் ஓசோனுக்குத் தீங்கில்லாமல் அடங்கிக் கிடந்த குளோரின், அத்துகள்களின் பரப்பில் நடக்கும் வினையால் விடுபடுகிறது. வசந்தத்தின் முதல் வெயில் பட்டதும் அணுக்களாகப் பிளந்து ஓசோனை அழிக்கத் தொடங்குகிறது. வளிமண்டல வேதியியலாளர் சூசன் சாலமனும் உடன் ஆய்ந்தவர்களும் 1986இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

பரப்பு வினையைச் சேர்த்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று எண்ணலாகாது. பெரிதாக வளர்ந்த துகள்கள் கீழே விழும்போது நைட்ரிக் அமிலத்தையும் கொண்டுபோய்விடுகின்றன. அது மேலேயே தங்கியிருந்தால், வெயிலில் சிதைந்து, குளோரினை மறுபடியும் கட்டிவைக்க உதவும் நைட்ரஜன் டைஆக்சைடைத் தந்திருக்கும். ஆகவே துகள் எந்த அளவுக்கு வளரும், எவ்வளவு வேகத்தில் விழும் என்பனவற்றையும் மாதிரி அறிந்திருக்க வேண்டும். என் பார்வையில் இதுவே இத்துறையின் மிகக் கடினமான பகுதி.

வடதுருவத்தில் இடர் இன்னும் கூடுகிறது. அண்டார்க்டிகாவின் குளிர், முகில் உருவாகும் மைனஸ் 78 டிகிரி எல்லைக்கு வெகுவாகக் கீழே செல்வதால், மாதிரியின் வெப்பநிலை ஓரிரு டிகிரி பிசகினாலும் முகில்கள் உருவாகிவிடும். ஆர்க்டிக்கிலோ குளிர் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. அதே பிசகு அங்கே முகிலே இல்லாத ஒரு குளிர்காலத்தைக் காட்டிவிடக்கூடும். சுழற்காற்று வலுவாகவும் நீண்ட நாளும் நிலைத்த 2011, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆர்க்டிக்கிலும் ஓசோன் கடுமையாகக் குறைந்தது.