மோட்ஸார்ட்டின் எளிய சொனாட்டாவில் இடக்கை ஏன் களைத்துப்போகிறது?

[காட்சி: பியானோவின் முன் இரு கைகள். இடக்கை மட்டும் நெருக்கத்தில்.]

மோட்ஸார்ட் 1788-ஆம் ஆண்டு வியன்னாவில் எழுதிய சி மேஜர் சொனாட்டாவை (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்பு), கே. 545 என்ற எண்ணால் பியானோ கற்பவர்கள் அறிவார்கள். தம் படைப்புகளின் பட்டியலில், அது தொடக்கநிலையினருக்கானது என்றே அவர் குறித்துவைத்தார். ஆனால் வயது வந்த பிறகு பியானோ பழகும் பலருக்கு, அதன் முதல் பக்கம் முடிவதற்குள்ளாகவே இடது முன்கை இறுகிக் கனத்துவிடுகிறது. விரல்களுக்கு வலு போதவில்லை என்று எண்ணி அவர்கள் விரற்பயிற்சிகளைக் கூட்டுகிறார்கள். இறுக்கமும் சேர்ந்தே கூடுகிறது.

[காட்சி: ஒரு கட்டையும் அதன் சுத்தியலும், குறுக்குவெட்டில்.]

இன்றைய பியானோவில் ஒரு கட்டையை மெல்லக் கீழே இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். அது இறங்கும் ஆழமோ ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான். கட்டை அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டு, தன் வேகத்திலேயே சென்று கம்பியை அடித்துத் திரும்புகிறது. அந்தக் கணத்துக்குப் பிறகு நாம் எவ்வளவு அழுத்தினாலும், பிறந்துவிட்ட ஒலி மாறப்போவதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை, தோள் முதல் விரல்நுனி வரை, ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். 50 கிராம் வேலைக்கு அந்தக் கையை இறுக்கிப் பிடித்து அமுக்குகிறோம் என்பது சற்று வேடிக்கைதான். பெரியவர்களுக்குப் பொறுப்புணர்ச்சி மிகுதி. அதைப் பியானோவின் அடிப்பலகையிடமும் காட்டிவிடுகிறோம்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகிய பாதை வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. ஒலி பிறந்த பின்னும் அழுத்தத்தை விடாதவருக்கு முன்கை கனப்பதும், வளைந்த மணிக்கட்டோடு வாசிப்பவருக்கு அந்தப் பாதை மேலும் நெருக்கமாவதும் இதனால்தான். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ இம்மி மேலேயோ இருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்தால், இந்த வளைவு பெரும்பாலும் தானே நேராகிவிடும்.

[காட்சி: முதல் பாரின் (இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) இடக்கைப் பகுதி, மிக மெதுவாக.]

இடக்கை வாசிப்பது சி, ஜி, இ, ஜி என்று ஊசலாடும் ஸ்வரக்கோவை. ஆல்பெர்ட்டி பேஸ் என்று அதற்குப் பெயர். சுண்டுவிரல், பெருவிரல், நடுவிரல், மீண்டும் பெருவிரல் என அது சுழல்கிறது. முன்கையை அசையாமல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தூக்கித் தட்டினால் களைப்பு உறுதி. பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் முன்கையே சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் பக்கமும் சற்றுச் சாய்ந்து திரும்பினால், விரல்கள் தாங்கி நின்றாலே போதும். முதலில் இந்தத் திருப்பத்தைப் பெரிதாகச் செய்து பழகி, பிறகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மோட்ஸார்ட் காலத்து வியன்னா பியானோக்களின் கட்டைகள் இன்றையவற்றைவிட லேசானவை, ஆழமும் குறைந்தவை என்பதால், இந்தப் பகுதி நம் கருவியில் கேட்கும் உழைப்பு அன்றையதைவிடக் கூடுதல்தான்.

ஐந்தாவது பாரில் வலக்கையின் ஸ்கேல் (வரிசையாக ஏறி இறங்கும் ஸ்வரங்கள்) ஓட்டங்கள் தொடங்குகின்றன. அங்கே பெருவிரலை உள்ளங்கைக்கு அடியில் வலிந்து நுழைப்பதைவிட, முழங்கை பக்கவாட்டில் நகர்ந்து கையைச் சுமந்து செல்லட்டும். பாரிஸில் பியானோ கற்பித்த இசையமைப்பாளர் ஷோபின், மாணவர்களுக்கு பி மேஜர் ஸ்கேலைத்தான் முதலில் தந்தார். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளிலும் குட்டையான பெருவிரல் வெள்ளைக் கட்டையிலும் அதில் இயல்பாக அமர்கின்றன. படிக்க எளிதான சி மேஜரை அவர் கடைசிக்குத் தள்ளினார். மோட்ஸார்ட்டின் ‘எளிய’ சொனாட்டாவை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதில் தடுமாறுகிறவர் வெட்கப்படத் தேவையில்லை.

[காட்சி: மேசைமேல் ஒரு கடிகாரம்.]

நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்று மாணவர்களைத் தடுத்தவரும் ஷோபின்தான். அலுவலகம் முடிந்து வருகிறவருக்கு அந்தக் கவலை இராது. கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம். அதை 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, இரண்டு பார்களை எடுத்து, பிறகு வேறொரு பகுதிக்குப் போய், மீண்டும் அந்த இரண்டு பார்களுக்குத் திரும்புவது, ஒரே பகுதியை நாற்பது முறை தொடர்ந்து வாசிப்பதைவிட நன்றாக நிலைக்கும். ஒவ்வொரு முறையும் முதல் பாரிலிருந்து தொடங்கித் தவறுமிடத்தில் நிற்கும் பழக்கத்தில், ஏற்கெனவே தெரிந்த இடங்களுக்கே உழைப்பு போகிறது. வலியோ மரமரப்போ தோன்றினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். மறுநாளும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பயிற்சியில் பழகிய அசைவு உறக்கத்தின்போதும் மூளையில் உறுதிப்படுகிறது. ஆகவே இன்றிரவு இருபதாவது முறை எப்படி வந்தது என்பதைவிட, நாளைக் காலை, கை இன்னும் சூடேறாதபோது, அந்த இரண்டு பார்களும் முதல் முறை எப்படி வருகின்றன என்பதைக் குறித்துவைத்து, அங்கிருந்து அடுத்த பயிற்சியைத் தொடங்குங்கள்.