நியூயார்க் கடையில கண்ணாடி ஜாடிக்குள்ள நம்ம கடல் அட்டை! சைனாடவுன், லிட்டில் இத்தாலியில எங்க சாப்பிடலாம்?

[காட்சி: கடை அலமாரி. வரிசையா கண்ணாடி ஜாடிகள். உள்ள கருத்துச் சுருங்கின ஏதோ.]

இது என்னன்னு ராமநாதபுரம் கரையில மண்டபம், வேதாளை ஊர் ஆளுங்க பாத்ததுமே சொல்லிருவீங்க. மத்தவங்க ஏதோ வத்தல்னு நினைப்பீங்க. இதுதான் கடல் அட்டை, கடலடியில வெள்ளரிக்கா மாதிரி கிடக்குற உயிரினம், காய வச்சது. நம்ம ஊர்ல இதை ஒரு சாக்குல கட்டி வச்சிருந்தா மறுநாள் பேப்பர்ல உங்க போட்டோ வரும். இங்க கடை முகப்புலயே அடுக்கி வச்சிருக்காங்க!

வணக்கம் மக்களே. மண்டபத்துல இருந்து கிளம்புன உங்க ஆளு இப்ப நியூயார்க், மன்ஹாட்டன், கெனால் தெருவுல நிக்கிறேன். ரோட்டுக்குத் தெக்க சைனாடவுன், வடக்க லிட்டில் இத்தாலி. அது பழைய கணக்கு. வரலாறு ஒரே மூச்சுல: 1882ல சீனத் தொழிலாளிங்க வரக்கூடாதுன்னு சட்டம், 1943ல அதை எடுத்தாங்க, 1965ல குடியேற்றச் சட்டம் மாறுச்சு, சீனக் குடும்பங்க நிறைய வந்துச்சு, இத்தாலிக்காரங்க வேற பக்கம் குடி போயிட்டாங்க. சைனாடவுன் ரோட்டைத் தாண்டிருச்சு. அவ்வளவுதான், பசிக்குது.

[காட்சி: லிட்டில் இத்தாலி, மல்பெரி தெரு]

வாசல்ல மெனுவோட நின்னு கூப்பிடுறாங்க பாருங்க, ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்ட்ல லாட்ஜுக்குக் கூப்பிடுற மாதிரியே! எனக்குக் கேட்டா அங்க உக்காராதீங்க. கிராண்ட் தெருவுல 1892ல இருந்து ஃபெராரான்னு இனிப்புக் கடை இருக்கு, கனோலி ஒண்ணு வாங்குங்க, மொறுமொறு குழலுக்குள்ள கிரீம் வச்ச இத்தாலி இனிப்பு. ஸ்பிரிங் தெருவுல லொம்பார்டீஸ், 1905ல ஆரம்பிச்சுப் பேர் வாங்கின பீட்சா கடை. நிதானமா இத்தாலிச் சாப்பாடு வேணும்னா பிராங்க்ஸ் பக்கம் ஆர்தர் அவென்யூ போங்க.

சரி, ஜாடிக்கு வருவோம். நான் ஒரு மணி நேரம் நின்னது அங்கதான்.

சீனாவுல இதுக்குப் பேரு ஹைஷென். கடலோட ஜின்செங்னு அர்த்தம், ஜின்செங்னா சீன வைத்தியத்துல பேர் போன வேர், அவங்களுக்கு அது மருந்து மாதிரி. நல்ல ரகம் ஒரு பவுண்டு, அரைக் கிலோகூட இல்ல, நூறு டாலரைத் தாண்டுது. நம்ம கரையில குடல் எடுத்து, வேக வச்சு, மணல்ல புதைச்சு, தோலைத் தேய்ச்சுக் கழுவி, திரும்ப வேக வச்சுக் காயப்போடுவாங்க. எங்க தாத்தாவும் சங்கோட சேத்து அட்டையும் குளிக்கப் போனவருதான். நம்ம வீட்ல ஒருத்தரும் வாயில வச்சதில்ல, எல்லாம் கப்பல் ஏறிருச்சு. 2001ல நம்ம நாட்டுல அட்டை பிடிக்கத் தடை வந்துச்சு, வனவிலங்குச் சட்டத்துல புலியோட பட்டியல்ல அட்டையும் சேந்துருச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை யாழ்ப்பாணத்துல பண்ணை வச்சே வளர்க்கிறாங்க! தலைப்புல 'நம்ம' அட்டைன்னு போட்டது வியூஸுக்குத்தான், ஜாடியில இருக்கறது எந்தக் கடலோடதுன்னு கடைக்காரரு சொல்லல. யாரும் ஊர்ல இருந்து பையில போட்டுட்டு வந்துராதீங்கப்பா.

சாப்பிட்டேனா? சாப்பிட்டேன். நாள்கணக்குல ஊற வச்சா கட்டைவிரல் அளவு உள்ளங்கை அளவாகுது. காளானோட கெட்டிக் குழம்புல வந்துச்சு. ருசின்னு தனியா ஒண்ணும் கிடையாது, நுங்கை மெல்லுற மாதிரி வழுக்கிட்டு உள்ள போயிருது. தாத்தா கேட்டா "இதுக்கா அவ்வளவு ஆழம் மூழ்குனோம்"னு தலையில அடிச்சுக்குவாரு.

டிம் சம்னு சீனச் சிற்றுண்டி வேணும்னா சைனாடவுன் டாயர்ஸ் தெருவுல நொம் வா கடை, 1920ல இருந்து இருக்கு. டீயும் குட்டிக் குட்டித் தட்டுமா வரும். கீழக்கரை மக்களுக்கு ஒரு வார்த்தை: கொழுக்கட்டை மாதிரி இருக்கறதுல பாதிக்கு மேல பன்றிக்கறி. இறால் போட்டதுலயும் கொழுப்பு சேத்திருப்பாங்க, கேட்டுட்டுச் சாப்பிடுங்க.

ஒரு வாரத்துல நாக்கு செத்துப் போகும். அப்ப 7ஆம் நம்பர் ரயில்ல கடைசி ஸ்டேஷன், ஃபிளஷிங். அங்கயும் பெரிய சீனக் கடைவீதி இருக்கு. கொஞ்சம் நடந்தா பௌன் தெருவுல பிள்ளையார் கோயில், கீழ்த்தளத்து கேன்டீன்ல தோசை!

[காட்சி: தட்டுல கருப்பு நூடுல்ஸ்]

கடைசியா இது. கரி இல்ல, கணவாய் மையில செஞ்ச இத்தாலி பாஸ்தா. எங்கம்மா அந்த மைப்பையைக் கிழியாம எடுத்துத் தூரப் போடுவாங்க, ஒரு சொட்டுப் பட்டா சட்டை போச்சுன்னு எங்களைத் திட்டுவாங்க. இங்க அதுக்குத் தனியாக் காசு. பாம்பன், தொண்டி, ஏர்வாடி மக்களே, உங்க வீட்ல யாராவது மையோட சமைக்கிறாங்களா? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோ உங்க அடுப்படியிலதான்.