அளந்து போடும் தானம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் பயிற்சி நிறுவன முதல்வர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, அறுவை அரங்கிலிருந்து நேரே இங்கு வந்து சேர்ந்த அரசு மருத்துவமனை முதல்வர் அவர்களே, சால்வைக்குப் பதில் நூலகத்துக்குப் புத்தகம் கேட்டு வாங்கிய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, நாளை கரும்பலகை முன் நிற்கப்போகும் மாணவ ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் மூன்று தலைப்புகள் கொடுத்திருக்கிறார்கள்: ஆசிரியர் கல்வியில் நாடுகளின் கூட்டுறவு, உறுப்பு ஒதுக்கீட்டுச் சட்டம், கண் தானம். முதல் இரண்டுக்கும் ஓர் ஆண்டு பொது. ஆசிரியர் நிலை குறித்து யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966 அக்டோபர் 5-இல் ஒரு பரிந்துரையை ஏற்றன. அந்த நாளை உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடத் தொடங்கியது 1994-இல். நம் நாட்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் அதே 1994-இல்தான் பிறந்தது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தச் சட்டத்தின் உயிர்நாடியே இதுதான். கொடுப்பவர் மனம் நிறைந்து கொடுக்கிறார். யாருக்குப் போக வேண்டும் என்பதை அளந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

2008 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் பதினைந்து வயது மகன் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைகிறான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். கருவியின் காற்றில் பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அது உயிர் இல்லை என்று அறிந்தவர்கள். உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். இதயம் சென்னையில் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போக வேண்டும். எடுத்த இதயம் ஐஸ் பெட்டிக்குள் நான்கு மணி நேரம்தான் தாங்கும். கல்லீரலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உண்டு, சிறுநீரகத்துக்கு ஒரு நாள் உண்டு, இதயத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. முக்கால் மணி நேரமாவது இழுக்கும் பாதை அது. போக்குவரத்துக் காவலர்கள் ஒவ்வொரு சந்திப்பாக வழிவிட, பதினொரு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பில் அந்த இதயம் துடித்தது. மூளைச்சாவு என்ற சொல் நம் டீக்கடைப் பேச்சுக்குள் வந்தது அப்போதுதான்.

அந்தத் தாய் தந்தைக்கு மருத்துவம் தெரியும். தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது? "மூச்சு வருதே, எப்படிச் செத்தாங்கன்னு சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கோமாவில் இருப்பவர் தானே மூச்சுவிடக்கூடும், மீண்டு வரவும் கூடும். மூளைச்சாவில், மூச்சை இயக்கும் மூளைத்தண்டே செத்துவிட்டது, இனித் திரும்பாது. சோதனைக்கு முன் உடல் வெப்பமும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும், மயக்க மருந்தின் தாக்கம் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனை செல்லாது. பிறகு ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே சுவாசக் கருவியை நிறுத்தி, எட்டுப் பத்து நிமிடம் மார்பையே பார்ப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டியும் ஒரு மூச்சுகூட வரவில்லை என்றால்தான் உறுதி. குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை சோதிப்பார்கள். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்; உறுப்பை எடுக்கப்போகிறவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. அதன் பிறகே குடும்பத்தாரிடம் படிவம் 8, அதாவது ஒப்புதல் படிவம்.

அளப்பது அதற்கப்புறம். 2014 விதிகள் வரிசை சொல்கின்றன: முதலில் மாநிலத்தில் காத்திருப்போர் பட்டியல், பிறகு மண்டலம், நாடு, இந்திய வம்சாவளியினர், கடைசியில் வெளிநாட்டவர். ஓ வகை ரத்தக்காரருக்கு ஓ உறுப்பு மட்டுமே சேரும். ஆகவே ஓ உறுப்பு வந்தால் முதல் உரிமை அவருடையது. மற்றவருக்குத் தூக்கிக் கொடுத்தால் அவருடைய காத்திருப்பு நீண்டுகொண்டே போகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! விலைபேசினால் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை.

நாடுகளின் கூட்டுறவுக்கு வருகிறேன். ஸ்பெயின் 1989-இல் தேசிய உறுப்பு மாற்று நிறுவனத்தை அமைத்தது. இன்று அங்கே பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஐம்பதையொட்டியோர் இறந்தபின் உறுப்புக் கொடையாளர்கள் ஆகிறார்கள். நம் நாட்டில் அதே பத்து லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. அங்கே ஒப்புதல் உண்டென்றே சட்டம் கருதுகிறது, ஆனாலும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. கேட்பதற்கென்றே தீவிர சிகிச்சை மருத்துவர்களைப் பயிற்றினார்கள். பார்சிலோனாவில் 1991 முதல் பல நாட்டவருக்கும் அந்தப் பயிற்சி நடக்கிறது. கேட்கக் கற்றுக்கொடுப்பதும் ஆசிரியர் கல்விதானே ஐயா?

2023 முதல் தமிழ்நாட்டில் கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு முந்தைய நாள் இரவு, "சார், டாக்டர் இப்படிச் சொல்றாங்க, என்ன பண்றது?" என்று கிராமத்துக் குடும்பம் போன் போடுவது ஊர் வாத்தியாருக்குத்தான். அவருக்கே கோமாவுக்கும் மூளைச்சாவுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால், "அவசரப்படாதீங்க" என்பார். அந்த ஒரு சொல்லில் இரண்டு சிறுநீரகமும் ஒரு கல்லீரலும் ஓர் இதயமும் மண்ணுக்குப் போய்விடும்.

மேடையில் இருக்கும் பெருமக்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டு ஆண்டில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் மணியில் மூளைச்சாவுச் சோதனை. இரண்டாவது மணியில் படிவம் 8-ஐக் கையில் கொடுத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மணியில் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் தாயாகவும் ஒருவர் ஆசிரியராகவும் பேசிப் பழகட்டும். மருத்துவமனை முதல்வர் ஓர் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரை அனுப்பிவைத்தால் போதும்; வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.

கண் தானத்துக்கு நேரம் இல்லை என்று தலைவர் மணியடிக்கிறார். ஒன்றே ஒன்று: இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லுங்கள், அதுவரை இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவையுங்கள். வணக்கம்.